சைவநெறித் தாளில் கொப்பியடித்த மாணவன்: சமயம் கற்பித்தால் ஒழுக்கம் வருமா?

கேள்வி

அம்பாறை மாவட்டக் கரையோரத்திலுள்ள தமிழ்ப் பாடசாலையொன்றில் தரம் 10 வகுப்பாசிரியையாகக் கடமையாற்றுகிறேன். மாணவரில் பெரும்பாலோர் சைவர்கள். கத்தோலிக்க, மெதடிஸ்த குடும்பத்துப் பிள்ளைகளும் உள்ளனர். எனது வகுப்பில் முஸ்லிம் மாணவியர் இருவர் படிக்கின்றனர். சென்ற தவணைப் பரீட்சையில் சைவநெறி வினாத்தாளுக்கு விடையெழுதிக்கொண்டிருந்த எனது மாணவன் ஒருவன், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற சைவத்தின் நான்கு நெறிகளையும் அவற்றுக்குரிய மார்க்கங்களையும் அடிமட்டத்தின் பின்புறத்தில் பேனையால் பொடியெழுத்தில் எழுதிவைத்திருந்தது பிடிபட்டது. அவன் ஞாயிறுதோறும் அறநெறிப் பாடசாலைக்குத் தவறாமல் போகிறவன். பண்ணிசைப் போட்டியில் பரிசு வாங்கியவன்.

அன்றிலிருந்து ஆசிரியர் ஓய்வறை இரண்டுபட்டுக் கிடக்கிறது. ஒரு சாரார், பிள்ளைகளுக்குச் சமயம் போதவில்லை, காலைப் பிரார்த்தனையை நீட்ட வேண்டும், அறநெறிப் பாடசாலைச் சான்றிதழ் இல்லாத எவரையும் மாணவ தலைவராக்கக் கூடாது, பரீட்சைக்கு முன் எல்லோரையும் பாடசாலைப் பிள்ளையார் முன் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்ய வைக்க வேண்டும் என்கின்றனர். மறுசாரார், இவ்வளவு படித்தும் இப்படித்தானே நடந்தான், ஆகவே சமயத்தைக் கோயிலுக்கும் வீட்டுக்கும் விட்டுவிட்டுப் பொதுவான விழுமியங்களை மட்டும் கற்பிப்போம் என்கின்றனர். ஒழுக்க மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை எழுதித் தருமாறு அதிபர் என்னிடம் ஒப்படைத்துள்ளார். இதற்கிடையில் முஸ்லிம் மாணவி ஒருவரின் தாயார் வந்து, “தேவாரம் படிக்கிற நேரம் எங்கட புள்ள எங்க நிக்கிற, டீச்சர்?” என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மாணவருக்கு ஒழுக்கத்தைக் கற்பிப்பதில் சமயத்தின் இடம் உண்மையில் எது? நான் என்ன எழுதுவது?

– ஓர் ஆசிரியை, அம்பாறை மாவட்டம்

பதில்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வினாக்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. சமயம் பிள்ளைகளை நல்லவர்களாக்குமா என்பது ஒன்று. பாடசாலையில் நாம் சமயத்தை நடத்துகிற விதம் அதனை அவ்வேலையைச் செய்ய விடுகிறதா என்பது மற்றையது. உங்கள் ஓய்வறை முதலாவதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த அடிமட்டம் இரண்டாவதைப் பற்றியே பேசுகிறது என்பது எனது எண்ணம்.

அதன் பின்புறத்தில் அவன் எழுதியிருந்ததை மீண்டும் ஒருமுறை பாருங்கள். சரியை என்பது கோயில் முற்றத்தைக் கூட்டுவது, மெழுகுவது, பூத் தொடுப்பது, அடியாருக்குத் தொண்டு செய்வது என்று உடம்பால் செய்யும் பணி. முதிர்ந்த வயதிலும் உழவாரத்தைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போய்க் கோயில் வீதிகளில் புல் செதுக்கிய அப்பர் சுவாமிகளே அதற்கு எடுத்துக்காட்டு. அந்த மாணவனிடம் இத்தனை வருடங்களில் எவராவது, “நீ செய்த சரியை என்ன?” என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். அவனிடம் கேட்கப்பட்டதெல்லாம், சரியைக்குரிய மார்க்கம் எது, தாச மார்க்கமா சகமார்க்கமா, என்பதே. க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் ஆறு கட்டாய பாடங்களுள் ஒன்று. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தடுமாறுகிற பிள்ளைகூட ‘ஏ’ எடுக்கக்கூடிய பாடம் என்று பெற்றோரும் நாமும் அதைப் பற்றிப் பேசிப் பழகிவிட்டோம். ஆகவே வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுகளை மறந்துவிடுவோம் என்று அஞ்சும் மாணவன் என்ன செய்வானோ, அதையே அவன் சைவநெறிப் பாடத்திலும் செய்தான். அவன் செய்தது தவறுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது சமயம் தோற்றதற்கான சான்று என்று சொல்வதற்கு முன், அந்தப் பரீட்சை மண்டபத்தில் சமயம் என்ற பெயரில் இருந்தது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அறநெறி பற்றிய அறிவு வேறு, நடத்தை வேறு என்பது நமது பாடசாலைகளில் மட்டும் கண்ட உண்மையன்று. 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கள்ளத்தனம் செய்ய வாய்ப்புள்ள சிறு சிறு சோதனைகளை வைத்தார்கள்: தாங்களே விடைத்தாளைத் திருத்திக்கொள்ளும் பரீட்சைகள், கண்ணை மூடிக்கொண்டு செய்யும் விளையாட்டுகள் போன்றவை. நேர்மையான பிள்ளைகள், நேர்மையற்ற பிள்ளைகள் என்று இரண்டு கூட்டங்கள் அவர்களுக்குத் தெளிவாக அகப்படவில்லை. ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை வேறோரிடத்தில் ஏமாற்றியது; பிடிபடும் ஆபத்து எவ்வளவு, பக்கத்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பன போன்ற சூழலின் கூறுகளுக்கேற்ப நடத்தை மாறியது. எது சரி எது பிழை என்று எழுத்தில் நன்றாகச் சொல்லத் தெரிந்திருந்ததற்கும் உண்மையில் நடந்துகொண்டதற்கும் இடையே எதிர்பார்த்த அளவுக்கு இறுக்கமான தொடர்பு இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், உங்கள் வகுப்பிலுள்ள கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இதைக் கதையாகவே சொல்லலாம். 1973இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு அது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் குருத்துவப் பணிக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களை, ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குப் போய்ச் சிற்றுரை ஒன்றை ஆற்றுமாறு அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒரு மனிதன் சுருண்டு விழுந்து இருமிக்கொண்டு கிடக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அவசரம் இல்லையென்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 வீதத்தினர் நின்று உதவினார்கள்; ஏற்கனவே நேரம் பிந்திவிட்டது என்று விரட்டி அனுப்பப்பட்டவர்களில் 10 வீதத்தினரே உதவினார்கள். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை பாடசாலை, பின்னேரம் தனியார் வகுப்பு, சனிக்கிழமை விஞ்ஞானம், ஞாயிறு காலை அறநெறி, அது முடியுமுன்பே கணித வகுப்புக்குச் சைக்கிளில் ஓட்டம் என்று வாழும் தரம் 10 பிள்ளை இந்த ஆய்வில் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவற்றைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, சமயத்தால் பயனில்லை என்று உங்கள் ஓய்வறையின் மறுசாரார் சொல்லக்கூடும். அது அவசர முடிவு. பொதுவான விழுமியங்களை மட்டும் கற்பித்தாலும் இதே கதிதான் நேரும். தரம் 6இலிருந்து குடியுரிமைக் கல்வி இருக்கத்தானே செய்கிறது. அதற்கும் வினாத்தாள் உண்டு, அந்த வினாத்தாளுக்கும் அடிமட்டத்தில் எழுதலாம். மேலும், நமது பகுதிப் பிள்ளை ஒன்று நன்மை தீமையைப் பற்றி நினைக்கத் தொடங்கும்போது அதன் நாவில் வரும் சொற்கள் எவை? பாவம், புண்ணியம், நேர்த்தி, ஹராம், அமானிதம், பாவசங்கீர்த்தனம். இவற்றையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று சொன்னால், அந்தப் பிள்ளை தன் வீட்டில் பேசாத ஒரு மொழியிலேயே நல்லவனாக வேண்டியிருக்கும்.

சமயம் ஒழுக்கத்துக்குத் தரக்கூடியவை உண்டு. அவை நாம் வழக்கமாகத் தேடுகிற இடத்தில் இல்லை என்பதே எனது நிலைப்பாடு. நாம் தேடுகிற இடம் பயம். “சாமி கண்ணைக் குத்தும்” என்று நான்கு வயதில் சொல்லி வைக்கிறோம்; அந்த வயதில் அது வேலை செய்கிறது. வளர வளரப் பிள்ளை கவனிக்கிறது: பொய் சொன்ன அண்ணனின் கண்ணை எந்தச் சாமியும் குத்தவில்லை, ஏமாற்றிய முதலாளிதான் திருவிழாவுக்குப் பெரிய உபயகாரராக நிற்கிறார். பயத்தின் மேல் கட்டிய விதி பயம் போகும்போது கூடவே போய்விடுகிறது. பியாஜே 1932இலேயே இதைப் பற்றி எழுதினார்: சிறு பிள்ளைகள் விதியைப் பெரியோர் இட்ட மாற்ற முடியாத கட்டளையாகக் காண்கின்றனர், பத்துப் பதினொரு வயதளவில், ஒருவரோடொருவர் சேர்ந்து வாழ்வதற்காக நாம் உடன்பட்டுக்கொண்ட ஒன்றாக அதைப் பார்க்கத் தொடங்குகின்றனர். தரம் 10 மாணவனுக்கு இந்த இரண்டாவது வழியில் காரணம் சொல்ல வேண்டும். நாமோ இன்னும் முதலாவதிலேயே நிற்கிறோம்.

பிள்ளையார் முன் கற்பூரச் சத்தியம் என்ற யோசனையை நான் ஏற்க முடியாமைக்கு இதுவே முதற் காரணம். வேறு காரணங்களும் உள்ளன. கொப்பியடிக்கத் தீர்மானித்தவனும் சத்தியம் செய்வான், அப்படி நினைத்தும் பாராதவளும் செய்வாள். பின்னர் அவன் பிடிபட்டால், பரீட்சைக் குற்றம் தெய்வக் குற்றமாகி, வீட்டில் அவனுடைய தாய் சாந்தி செய்ய அலைவாள். உங்கள் வகுப்பிலுள்ள முஸ்லிம் பிள்ளைகள் இருவரையும் கிறிஸ்தவப் பிள்ளைகளையும் அந்நேரத்தில் எங்கே நிறுத்துவீர்கள்? எல்லாவற்றையும் விட, பரீட்சை மேற்பார்வை நமது கடமை. அதை இறைவனிடம் ஒப்படைப்பது, சொல்லப்போனால், நமது சோம்பல்.

பயத்தை விட்டால் சமயத்திடம் வேறென்ன இருக்கிறது? கதை இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, எவரும் பாராதபோதும் தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் முறை இருக்கிறது. மூன்றிலும் கதையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நமது பகுதியில் அது கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது.

வைகாசியில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் மட்டக்களப்பின் படுவான்கரை ஊர்களிலும் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கோடு நிறைவு செய்வார்கள். உங்கள் சைவ மாணவர் அநேகமாக எல்லோரும் அந்த இரவுகளில் தாய்மாரின் மடியில் தூங்கி விழுந்து அதைக் கேட்டவர்கள். அந்தக் கதையின் நடுவே இருப்பது ஒரு விசாரணை. சரியாகச் சொன்னால், நடக்காமற்போன ஒரு விசாரணை. பொற்கொல்லனின் சொல்லை நம்பி அரசன் விசாரியாமல் ஒருவனைக் கொல்விக்கிறான். ஒரு பெண் வந்து சிலம்பை உடைத்துக் கணக்குக் கேட்கிறாள். இதைத் தரம் 10 வகுப்பில் ஒரு பாடவேளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கதையைச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும். முஸ்லிம் பிள்ளைகளுக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் அவர்களே சொல்லட்டும். பிறகு கேளுங்கள்: அரசன் கெட்டவனா, அவசரக்காரனா? பொற்கொல்லன் சொன்னதை நம்பியது குற்றமா, விசாரியாதது குற்றமா? கடைசியாக, நமது பாடசாலையில் மாணவ தலைவர் ஒருவர் வந்து, “இவன்தான் செய்தான்” என்றதும் ஒருவனை முழந்தாளில் நிறுத்துகிறோமே, அது எதில் சேரும்? அந்தக் கேள்வியில் வகுப்பு சற்று அமைதியாகும். பிறகு ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசுவார்கள். பேசட்டும். ஆசிரியரான உங்களுக்கு அது சங்கடமாக இருக்கும், இருந்தாலும் தடுக்காதீர்கள். அந்த நாற்பது நிமிடங்களில் நீதியைப் பற்றி அவர்கள் கற்பதை எந்தப் பல்தேர்வு வினாவாலும் அளக்க முடியாது.

இப்படிப்பட்ட உரையாடலுக்குச் சமயப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்களா என்று உங்கள் சக ஆசிரியர்கள் ஐயப்படக்கூடும். 1993இல் நூச்சி, டூரியல் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மிகக் கட்டுப்பாடான சமயக் குடும்பங்களைச் சேர்ந்த கிறிஸ்தவ, யூதப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டனர். ஓய்வுநாளில் வேலை செய்யாதே என்று கடவுள் விதிக்காவிட்டால் செய்யலாமா? பெரும்பாலான பிள்ளைகள், அப்படியானால் செய்யலாம் என்றனர். திருடாதே, பிறரை அடிக்காதே என்று விதிக்காவிட்டால்? அப்போதும் கூடாது, ஏனெனில் மற்றவருக்கு நோகும், அநியாயம், என்றனர். தம் சமயத்தின் ஆசாரத்தையும் எவருக்கும் பொதுவான அறத்தையும் பிள்ளைகள் தாமாகவே பிரித்தறிகின்றனர். பெரியவர்களாகிய நாம்தான் அவ்விரண்டையும் குழப்பி, விபூதி பூசாமல் வந்ததையும் சக மாணவியைக் கேலி செய்து அழவைத்ததையும் ஒரே ஒழுக்கப் பதிவேட்டில் எழுதுகிறோம்.

பழக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கந்தசஷ்டி விரதம், ரமழான் நோன்பு, தவக்கால ஒறுத்தல் ஆகியவை வேண்டுமென்பதை வேண்டாமென்று சொல்லப் பழக்குபவை. அவற்றைக் கடைப்பிடிக்கும் பிள்ளைகளை வகுப்பில் மதித்துப் பேசுங்கள், ஆனால் புள்ளி கொடுக்காதீர்கள். சரியையைக் கற்பிக்கும் வாரத்தில் ஒரு மண்வெட்டியும் இரண்டு விளக்குமாறும் போதும்; அருகிலுள்ள முதியோர் இல்லத்தின் முற்றத்தையோ ஊர்க் கிணற்றடியையோ பிள்ளைகள் துப்புரவு செய்துவிட்டு வந்து, அதன் பிறகு பாடப் புத்தகத்தைத் திறக்கட்டும். எல்லாச் சமயப் பிள்ளைகளும் சேர்ந்து செய்யலாம். சைவப் பிள்ளை அதைச் சரியை என்று எழுதட்டும், முஸ்லிம் பிள்ளை சதக்கா (தருமம்) என்று எழுதட்டும். படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இதே காரணத்துக்காகவே, மாணவ தலைவர் தெரிவுக்கு அறநெறிச் சான்றிதழைக் கட்டாயமாக்க வேண்டாம் என்கிறேன். ஞாயிறு காலையில் சம்பளம் பெரிதாக எதுவுமின்றி ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அறநெறி ஆசிரியர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர்களிடம் பிள்ளைகள் விருப்பத்தோடு போவதையே அவர்களும் விரும்புவர். பதவிக்கு அது நுழைவுச்சீட்டானால், பக்தி கூடாது, வரவுப் பதிவேடுதான் தடிக்கும். கோயிலுக்குப் போகாத, ஆனால் வகுப்பில் விழுந்தவனைத் தூக்கிவிடும் பிள்ளை வெளியே நிற்கும்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விடயம். சமயம் பிள்ளையின் மனதில் அன்பை வளர்க்கிறது என்பதில் ஐயமில்லை. யார் மீது அன்பு என்பதே கேள்வி. தன் கோயிலுக்கு வருகிறவன், தன் ஊரவன், தன்னைப் போலக் கும்பிடுகிறவன் என்ற வட்டத்துக்குள் மட்டும் அந்த அன்பு நின்றுவிடுமானால், அதே சமயக் கல்வி வட்டத்துக்கு வெளியே இருப்பவர் மீது இரக்கமின்மையையும் கற்பித்துவிடக்கூடும். இதை நம் மாவட்டங்களில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள் குண்டுக்கு இரையானார்கள். இவற்றைச் செய்தவர்கள் யாவரும் ஏதோவொரு சமயக் குடும்பத்தில் பிறந்து, நல்லது கெட்டது கேட்டு வளர்ந்தவர்களே. ஆகவே நமது பாடசாலையில் சமயம் ஒழுக்கத்தை வளர்க்கிறதா என்று அறிய விரும்பினால், எத்தனை பேர் தேவாரம் பிழையின்றி ஓதுகிறார்கள் என்று எண்ணுவதிலும், வகுப்பில் எண்ணிக்கையில் குறைந்த பிள்ளையை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பதே பொருத்தமான அளவு. நமது பகுதியில் தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் ஒரே வீதியில் இருந்தும் தவணை விடுமுறைகூட வெவ்வேறாக இருப்பதால், தரம் 13 வரை படித்து முடித்தும் அடுத்த சமூகத்தில் ஒரு நண்பன் இல்லாத பிள்ளைகளே மிகுதி. உங்கள் வகுப்பில் அந்த வாய்ப்பு இரண்டு கதிரைகளில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த மண்ணில் வேறு வகை முன்னுதாரணமும் உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனையில் மெதடிஸ்தரிடமும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கத்தோலிக்கக் குருமாரிடமும் படித்தவர். அவர்களிடம் கணிதமும் ஆங்கிலமும் ஒழுங்கும் கற்றுக்கொண்டு, தம் சமயத்தில் மேலும் ஆழ்ந்து, இராமகிருஷ்ண மடத்துத் துறவியானார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் 1929இல் அவரால் உருப்பெற்றது. அவரது நினைவு நாளில் நாம் இதைச் சொல்லாமல் பேச்சுப் போட்டி மட்டும் நடத்துவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது உங்கள் அதிபருக்கான திட்டத்துக்கு வருகிறேன். சமய பாடத்தைக் குறைக்கவும் வேண்டாம், பிரார்த்தனையை நீட்டவும் வேண்டாம். சமய பாட ஆசிரியர்கள் எல்லோரும், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்ற வேறுபாடின்றி, இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளையை ஒரே பொருளுக்கு ஒதுக்க உடன்பட்டால் போதும்: இம்முறை விசாரியாமல் தண்டித்தல், அடுத்த முறை ஒப்படைத்த பொருளைக் காத்தல், பிறகு பிழைக்கு ஈடு செய்தல். ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயக் கதையோடு அதைச் சிந்தித்துவிட்டு, மறுநாள் காலைக் கூட்டத்தில் ஒரு வகுப்பிலிருந்து இருவர் மூவர், பொதுவான சொற்களில், எல்லோருக்கும் விளங்கும் காரணங்களோடு, ஐந்து நிமிடம் பேசட்டும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் சமய பாடத்துக்கு மனனப் பயிற்சிகளையே கொடுத்துவரும் ஆசிரியர்கள், அவற்றுள் ஒன்றையாவது நடத்தை பற்றிய சிறு எழுத்தாக மாற்றலாம். அப்படிப்பட்ட விடையை அடிமட்டத்தில் எழுதிவர முடியாது என்பது ஒரு கூடுதல் நன்மை.

திட்டத்தில் எழுதக் கடினமான ஒரு பந்தியும் உண்டு. அது நம்மைப் பற்றியது. பாடசாலையின் பெறுபேறு உயர வேண்டுமென்று தவணைப் பரீட்சைக்கு முன் ‘முக்கிய வினாக்கள்’ என்ற பெயரில் வினாத்தாளையே கோடிகாட்டிவிடுகிற வழக்கமும், மேற்பார்வை நேரத்தில் கைத்தொலைபேசியில் மூழ்கிவிடுகிற வழக்கமும் எங்கும் இல்லையென்று எவராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் இதையும் பாடமாகவே கற்கின்றனர். அதுவும் வினாத்தாள் இல்லாத பாடமாதலால் நன்றாகவே கற்கின்றனர். ஒழுக்க மேம்பாட்டுத் திட்டத்தில் மாணவர் செய்ய வேண்டியவற்றுக்கு முன்னால் ஆசிரியர் செய்ய வேண்டியவை இடம்பெறட்டும். ஓய்வறையில் முணுமுணுப்பு எழும்; எழுந்தால் திட்டம் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

அந்த மாணவனின் விடயத்தில் ஒழுக்காற்றுக் குழு இன்னும் முடிவெடுக்கவில்லையானால், அந்தத் தாளுக்குப் புள்ளி இல்லை என்பதும் பெற்றோருக்கு அறிவிப்பதும் போதுமான தண்டனை. காலைக் கூட்டத்தில் மேடையேற்றி நிறுத்துவதோ பிரம்பெடுப்பதோ கூடாது; பிரம்பை 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை ஏற்கனவே தடுத்திருக்கிறது. தனியே அழைத்துப் பேசும்போது, “சமயம் படித்தவன் இப்படிச் செய்யலாமா?” என்று தொடங்காதீர்கள், அவன் தலையைக் குனிந்துகொள்வான், பேச்சு அதோடு முடிந்துவிடும். “உன்னால் யாருக்கு நட்டம்?” என்று கேளுங்கள். எவருக்கும் இல்லை என்றே முதலில் சொல்வான். அவனைவிடக் குறைந்த புள்ளியோடு, இரவிரவாகப் படித்து எழுதிய பிள்ளையின் பெயரை அவனே சொல்லும் வரை பொறுத்திருங்கள். அதன் பிறகு ஈடு செய்வது பற்றிப் பேசலாம். பிறருடைய ஹக்கை, அதாவது உரிமையை, திருப்பிக் கொடுக்காத தவ்பா (பாவமீட்சி) நிறைவடையாது என்று இஸ்லாம் சொல்கிறது. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று வரி தண்டுபவனான சக்கேயு இயேசுவிடம் சொன்னான். சைவத்திலும் பிராயச்சித்தம் என்பது வெறும் வருத்தமன்று, செய்து கழிப்பது. கீழ் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஒரு தவணை முழுவதும் இடைவேளையில் உதவுமாறு கேட்டுப் பாருங்கள். பண்ணிசையில் பரிசு வாங்கியவனுக்குக் குரலும் பொறுமையும் இருக்கும்.

இறுதியாக அந்தத் தாயாரின் கேள்வி. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தை ஒவ்வோர் ஆளுக்கும் உறுதி செய்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை அதே சுதந்திரத்தைப் பிள்ளைக்கும், அதில் பிள்ளையை வழிநடத்தும் உரிமையைப் பெற்றோருக்கும் தருகிறது. ஆகவே அவருடைய மகள் தேவாரம் பாட வேண்டியதில்லை. பாடாமல் நிற்பதற்காக எவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஆனால் ‘எங்கே நிற்பது’ என்பதை நீங்கள் தீர்மானித்து அறிவிக்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். மண்டபத்தில் தன் வகுப்பு வரிசையில் மௌனமாக நிற்பதை அவர் விரும்பலாம். பிரார்த்தனை முடிந்து பொதுப் பகுதி தொடங்கும்போது மகள் வந்து சேர்ந்துகொள்வதை விரும்பலாம். இரண்டு தாய்மாரும் ஒரே விடையைச் சொல்ல வேண்டுமென்பதும் இல்லை. அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கி அதிபரின் கோவையில் வையுங்கள். அடுத்த வருடம் வகுப்பாசிரியர் மாறும்போது அந்தப் பிள்ளைகள் மீண்டும் முதலிலிருந்து விளக்கம் சொல்ல நேரக் கூடாது. கிறிஸ்தவப் பெற்றோரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் இதுவரை கேட்கவில்லை என்பதால் அவர்களுக்குக் கேள்வி இல்லை என்று கொள்ள முடியாது. நவராத்திரி வாணி விழாவுக்கு முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அந்த ஒன்பது நாட்களில் மண்டபத்துக்கு வராத பிள்ளைகளை எவரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதை மாணவ தலைவர்களுக்கு அதிபரே நேரில் சொல்ல வேண்டியிருக்கும்.